துப்பாக்கிக்கு மூன்று பொட்டு

“கையெழுத்துப் போடுன்னா போடணும். அதை விட்டுட்டு—”

“செய்யாத வேலைக்கு எதுக்குப் போடணும்? நீங்க—”

“—என் முன்னாடியே வாய் நீளுதா? நான் யாருன்னு தெரியும்ல?”

“—நீங்க எழுதிக் கொண்டாந்தா நாங்க போடணுமா? யாருன்னு தெரியும்லா. ஊருக்கே தெரியும்!”

“மணியம்! உன் சம்சாரத்தை உள்ள போகச் சொல்லு.”

“இதுதான் உள்ள. இதுக்கு மேல போனா சுவருதான் இருக்கு.”

சந்திரமதி சொன்னது உண்மை. யோங் பெங் கடைத்தெருவின் பின்சந்தில் இருந்த அந்தத் துப்பாக்கிப் பட்டறையில் ஒரு லேத் இயந்திரம், ஒரு நீள மேசை, போலீஸ் முத்திரை ஒட்டிய இரும்பு அலமாரி. மிச்ச இடத்தில் நாலு பேர் நிற்கலாம். இப்போது ஐந்து பேர் நின்றார்கள். பட்டறைக்காரர் மணியம், அவர் மனைவி சந்திரமதி, கத்திக்கொண்டிருந்த சுகுமாறன், கதவோரம் துப்பறிவாளர் விஜிதா, அவள் முதுகுக்குப் பின்னால் உதவியாளர் அந்தோனிப்பிள்ளை.

அந்தோனிப்பிள்ளை முப்பது வருடம் தபால்காரர். பென்ஷன் வாங்கிய மறுவாரமே விஜிதாவிடம் வேலை கேட்டு வந்துவிட்டார். அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஆனாலும் அவளை ‘பாஸ்’ என்றுதான் கூப்பிடுவார்.

“பாஸ், அவர் கால்சட்டையப் பாருங்க” என்றார் காதோரம். “பச்சையும் பழுப்புமாப் புள்ளி. கடைத்தெருவுல காட்டுப்பன்றி கண்ணுல பட்டுடக் கூடாதுன்னு ஒளிஞ்சு வந்திருக்காரு.”

“பேசாம இருங்கண்ணே.”

சுகுமாறன் திரும்பினார். செம்பனைத் தோட்டங்களுக்கு உரம் சப்ளை செய்கிறவர். அடுத்த வருடம் டத்தோ பட்டம் வருகிறது என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர்.

“இந்தம்மா யாரு? வக்கீலா?”

“துப்பறியறவங்க” என்றாள் சந்திரமதி.

“துப்பறியறாங்களா!” சுகுமாறன் சிரித்தார். “இதுல துப்பறிய என்ன இருக்கு? என் துப்பாக்கியை இவன் கெடுத்தான். என் டிரைவர் வேலுவுக்குக் கண்ணு போச்சு. நாளைக்குக் காலையில கோர்ட்டு. நானே நல்ல மனசோட வந்து, தப்பை ஒத்துக்கிட்டு ஒரு கடிதம் கொடு, உள்ள போகாம பார்த்துக்கறேன்னு சொல்றேன். நன்றி கெட்ட ஜனம்.”

“நான் சரியாப் புரிஞ்சுக்கிட்டேனான்னு மட்டும் சொல்லுங்க” என்றாள் விஜிதா. “துப்பாக்கி ரொம்ப லேசானது. லேசா இருந்தா சுடும்போது தோள்ல உதைக்கும். அந்த உதை உங்களுக்குப் பிடிக்கல.”

“பிடிக்கலன்னு இல்ல. குறி தப்புது.”

“சரி, குறி. அதுக்காக வெளிநாட்டுலேர்ந்து ஒரு பிரேக் வாங்கினீங்க.”

“குழாய் முனையில திருகுற இரும்புத் தொப்பிம்மா” என்றார் மணியம். அவர் பேசியது அதுதான் முதல் தடவை. “விரல் நீளம். பக்கவாட்டுல ஓட்டை இருக்கும். புகைய பக்கத்துல தள்ளி விட்டா உதை குறையும்.”

“அதைத் திங்கக்கிழமை துப்பாக்கியோட கொண்டாந்து இவன்கிட்ட கொடுத்தேன்” என்றார் சுகுமாறன். “வெள்ளிக்கிழமை மாட்டிக் கொடுத்தான். சனிக்கிழமை சாஆ தோட்டத்துல பன்றி சுடப் போனோம். ஒரே வெடி. குண்டு பிரேக்குக்கு உள்ளயே உரசி, அது ரெண்டாப் பொளந்து, மூணடி தள்ளி நின்ன வேலு கண்ணுல பாஞ்சிருச்சு. கோணலா மாட்டியிருக்கான். போலீஸே சொல்லிட்டாங்க.”

“நான் மாட்டல” என்றார் மணியம்.

“அப்போ பிரேக் தானா நடந்து போய் ஏறிக்கிச்சா?”

“திங்கக்கிழமை கொண்டாந்தீங்க. பார்த்தேன். முடியாதுன்னேன். கையோட எடுத்துட்டுப் போயிட்டீங்க.”

“ஏன் முடியாதுன்னீங்க?” என்று கேட்டாள் விஜிதா.

“குழாய் மெலிசும்மா. முனையில மரை முடியற இடத்துல ஒரு படி இருக்கும். தோள்னு சொல்வோம். பிரேக் அதுமேலதான் நேரா உக்காரணும். இந்த மாதிரி மெலிசுக் குழாய்ல அந்தத் தோளே நகக்கண் அகலந்தான். ஒரு மணல் மாட்டினாப் போதும், பிரேக் சாஞ்சிரும். உதை வேணாம்னா கனமான துப்பாக்கி வாங்குங்கன்னு சொன்னேன். கனமும் தூக்க மாட்டேன், உதையும் வாங்க மாட்டேன்னா வேட்டைக்கு ஏன் போகணும்?”

“பார்த்தீங்களா, திமிர!” சுகுமாறன் மேசையைத் தட்டினார். “திங்கக்கிழமை திருப்பிக் கொடுத்தேன்னு எழுத்துல இருக்கா? காட்டு!”

“செஞ்ச வேலையத்தான் எழுதுவோம். முடியாதுன்னு சொன்னதை எவன் எழுதி வைப்பான்?”

“அப்போ வாய் வார்த்தைதான். என் வார்த்தையா, உன் வார்த்தையான்னு கோர்ட்டு பார்த்துக்கும்.” கடிதத்தை லேத் மீது வைத்தார். “நான் இப்போ கூலாய்ல என் வக்கீலைப் பார்க்கப் போறேன். நாலு மணிக்கு வீட்டுல இருப்பேன். அதுக்குள்ள கையெழுத்துப் போட்டுப் படம் பிடிச்சு அனுப்பு. இல்ல, லைசென்ஸும் போகும், நீயும் போவே. பிரேக்குக்கு அடியில மலிவுப் பசையப் பூசியிருக்கான், பசைய! இவனெல்லாம் துப்பாக்கி ரிப்பேர்காரன்!”

அவர் போன பிறகும் அவருடைய வாசனைத் தண்ணீர் சிறிது நேரம் பட்டறையிலேயே நின்று பேசிக்கொண்டிருந்தது.

“பசையா?” என்றார் மணியம். “பிரேக்குக்கு எவன் பசை போடுவான்?”

விஜிதா கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். வக்கீல் மூலம் வாங்கிய போலீஸ் ஆய்வு அறிக்கையின் நகல். அதில் ஒரே ஒரு வண்ணப் படம். உடைந்த பிரேக்கைக் கழற்றிய பிறகு குழாய் முனையைப் பெரிதாக்கி எடுத்தது.

“‘தோளில் ஒரு பக்கம் மட்டும், மஞ்சள் நிறத்தில் காய்ந்து இறுகிய பசை. அடியில் துரு தொடங்கியிருக்கிறது. இதனால் பிரேக் சாய்ந்து உட்கார்ந்துள்ளது.’ இவ்வளவுதான் எழுதியிருக்காங்க. என்ன பசைன்னு எழுதல.”

“எந்த ஊர் பசை பாஸ் மஞ்சளா இருக்கும்? நான் முப்பது வருஷம் தபால்தலை ஒட்டியிருக்கேன்.”

சந்திரமதி காகிதத்தை வாங்கினாள். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினாள். உற்றுப் பார்த்தாள். பிறகு அவள் முகம் மாறிய விதம் விஜிதாவுக்குப் பிடிக்கவில்லை.

“என்னக்கா?”

“இது பசை இல்ல.”

“பின்ன?”

“சந்தனம். நடுவுல பாருங்க, கடுகளவு செவப்பு. அது குங்குமம்.” அவள் குரல் இறங்கியது. “இது பொட்டு.”

நாலு பேரும் பட்டறையைச் சுற்றிப் பார்த்தார்கள். அந்தச் சனிக்கிழமைக்கு முந்தைய புதன்கிழமைதான் ஆயுத பூசை. விபத்து நடந்ததும் போலீஸ் வந்து வேலையை நிறுத்திவிட்டது. மூன்று வாரமாக யாரும் எதையும் தொடவில்லை. லேத்தின் தலையில் சந்தனம் குங்குமம். சுத்தியல், அரம், பலகை, விளக்கு சுவிட்ச், சுவரில் மாட்டிய காலண்டர் எல்லாவற்றிலும் சந்தனம் குங்குமம்.

“அலமாக்” என்றார் அந்தோனிப்பிள்ளை. “பாஸ், நாம தேடின துப்பு நேரா நம்ம ஆளோட கழுத்துக்கே வந்திருச்சு.”

மணியம் முக்காலியில் உட்கார்ந்தார். “போலீஸுல இதைக் கண்டுபிடிக்கல. நீங்க கண்டுபிடிச்சிட்டீங்க. ரொம்ப நன்றி.”

“அண்ணே, எழுந்திரிங்க.”

“எதுக்கும்மா? வெள்ளிக்கிழமை வரைக்கும் துப்பாக்கி இங்க இருந்துச்சுன்னு அவர் சொல்றார். புதன்கிழமை இங்க பூசை. பொட்டு வெச்சது நாங்க. துடைக்காம மாட்டினதும் நாங்க. கணக்குச் சரியாப் போச்சு. கடிதத்தைக் கொடு சந்திரா.”

“கொடுக்க மாட்டேன்.”

“நீங்க வெச்ச பொட்டையெல்லாம் நான் பார்க்கணும்” என்றாள் விஜிதா. “அந்தோனி அண்ணே, வாங்க.”

“நானா? நான் மாதா கோயில் ஆளு பாஸ்.”

“கண்ணு இருக்குல்ல? அது போதும்.”

அந்தோனிப்பிள்ளை குனிந்தும் நிமிர்ந்தும் பட்டறையை ஒரு சுற்று வந்தார். தபால் பெட்டி எண்ணைப் படிப்பதுபோல் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொன்னார். “லேத்துக்குத் தலையில, பச்சைப் பெயிண்ட்டு மேல. சுத்தியலுக்குக் கட்டைப் பிடியில. அரத்துக்கும் பிடியில. துளை போடுற ஊசிக்கு… ஊசியில இல்ல, டப்பாவுல. பிடிகருவிக்குப் பெயிண்ட்டு மேல. துப்பாக்கி அலமாரிக்குக் கதவுல.” நிமிர்ந்தார். “பாஸ், இவங்க வீட்டுச் சாமிக்கு இரும்புன்னா அலர்ஜியா? பளபளன்னு இருக்கிற இடத்துல ஒரு பொட்டும் இல்ல.”

விஜிதா மணியத்தைப் பார்த்தாள்.

“அது… அப்படித்தான்” என்றார் மணியம், இதையெல்லாம் போய்க் கேட்கிறாயே என்பதுபோல். “ஈரச் சந்தனம்மா. வெறும் இரும்புல வெச்சா மறுநாளே துரு ஏறும். லேத்தோட தண்டவாளத்துல துரு ஏறினா வேலை கோணும். கும்பிடறேன்னு கருவியக் கெடுப்பாங்களா? துப்பாக்கின்னா கட்டையில வைப்போம், இல்லன்னா அலமாரிக் கதவுல. குழாயில ஒரு சொட்டுத் தண்ணி பட விட மாட்டோம்.”

“இதை ஏன் முன்னாடியே சொல்லல?”

“இதையெல்லாமா சொல்வாங்க? சோத்தைக் கையால சாப்பிட்டேன்னு சொல்ற மாதிரி.”

விஜிதாவின் உதடு ஒரு பக்கமாக வளைந்தது. அவளுக்கு அதுதான் சிரிப்பு. “வெறும் இரும்புல, அதுவும் மரை முடியற தோள்ல, ஈரச் சந்தனத்தை அப்புற கை வேலை தெரிஞ்ச கை இல்ல. துப்பாக்கிய நகை மாதிரி அலங்காரம் பண்ற கை. அந்தோனி அண்ணே, காடிய ஸ்டார்ட் பண்ணுங்க.”

“எங்க?”

“பண்டார் தெங்காரா, சுகுமாறன் வீட்டுக்கு. நாலு மணிக்கு அவர் வர்றார். அதுக்குள்ள நாம போயிடணும்.”

“நாளைக்கு ஜட்ஜுகிட்ட ‘அலங்காரம் பண்ற கை’ன்னு சொன்னா விட்டுருவாராம்மா?” என்றார் மணியம்.

“விட மாட்டார். அதுக்குத்தான் போறேன். நாலு மணி வரைக்கும் அந்தக் கடிதத்து மேல யாரும் பேனா வைக்கக் கூடாது.”

“பேனாவை நான் இடுப்புல செருகிக்கறேன்” என்றாள் சந்திரமதி.

குளுவாங்கைத் தாண்டியதும் சாலையின் இரண்டு பக்கமும் செம்பனை. அந்தோனிப்பிள்ளையின் பழைய காடி ஏற்றங்களில் பெருமூச்சு விட்டது.

“ஒரு சந்தேகம் பாஸ். அந்த ஆளு ஏன் மணியத்து மேல போடணும்? தெரியாம நடந்துபோச்சுன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே.”

“தெரியாம நடந்ததுன்னா, தெரியாதவன்தான் மாட்டினான்னு ஆகும். டத்தோ ஆகப் போறவர் தெரியாதவரா இருக்கலாமா? துப்பாக்கி லைசென்ஸைப் பிடுங்கிருவாங்க. பட்டம் கொடுக்கிறவங்க முகத்தைத் திருப்பிக்குவாங்க.”

“அதுக்கு ஒரு மனுஷனை ஜெயிலுக்கு அனுப்புறதா?”

“அவருக்கு மணியம் மனுஷனா தெரிஞ்சாத்தானே. கைல கிரீஸ் இருக்கிறவன் எல்லாம் அவருக்குத் துடைக்கிற துணி.”

“வேலு?”

“வேலு காடியோட சேர்ந்து வந்தது.”

சுகுமாறனின் பங்களா ஊருக்கு வெளியே, செம்பனைக்கு நடுவில், திருமண கேக்கைக் கொண்டுவந்து வைத்ததுபோல் இருந்தது. வாசலில் நாலு தூண். எதையும் தாங்காத தூண்கள்.

கதவைத் திறந்தது சுகுமாறனின் மனைவி பிரேமலா. பருத்திக் கைலி, ஈரக் கை, விசாலமான நெற்றியில் பெரிய குங்குமம்.

“நான் விஜிதா. பட்டறைக்கார மணியத்துக்காக வேலை பாக்கிறேன். வேலு விஷயமா வந்தோம்.” மறைக்க அவளுக்குப் பிடிக்கவில்லை. மறைக்கும் வேலை அந்த வீட்டில் ஏற்கெனவே ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேலுவா?” பிரேமலாவின் முகம் வாடியது. “பாவங்க. செவ்வாய்க்கிழமைதான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். வலது கண்ணு வராதுன்னுட்டாங்க. அவர் இல்ல, வர்ற நேரம்தான். வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க. பால் ஊத்தாம தே ஓ போடறேன்.”

கூடத்தில் கால் வைத்ததும் அந்தோனிப்பிள்ளை விஜிதாவின் முழங்கையைத் தொட்டார்.

பொட்டுகள். குளிர்பதனப் பெட்டியில் மூன்று. தண்ணீர் வடிகட்டியில் மூன்று. தொலைக்காட்சிக்கு மூன்று. உடம்பு பிடித்துவிடும் நாற்காலிக்கு மூன்று. மூன்று வாரத்தில் எல்லாம் மங்கிப்போயிருந்தன. மூலையில் இருந்த ஓட்டப்பயிற்சி இயந்திரத்தில் மட்டும் நேற்று வைத்ததுபோல் பளிச்சென்று இருந்தன.

“அதுல இதுவரைக்கும் யாரும் ஏறல பாஸ்” என்று முணுமுணுத்தார். “இதுக்குப் போலீஸ் ஆய்வே வேணாம்.”

சோபாவுக்கு அடியிலிருந்து வட்டமான ஒரு துப்புரவு இயந்திரம் ஊர்ந்து வந்தது. அதன் தலையிலும் சந்தனம்.

“கும்பிட்டுக்கங்க பாஸ். நம்மளத் தாண்டிப் போகுது.”

பிரேமலா தே ஓவும் ஒரு தட்டுச் சுண்டலும் கொண்டுவந்து வைத்தாள். “காலையில கோயிலுக்குச் செஞ்சது. சாப்பிடுங்க. வேலுவுக்கு இதுன்னா உசுரு. பூசை அன்னிக்கு ஊருக்குக் கிளம்பறேன்னு வந்து நின்னான், டப்பா நெறையக் கட்டிக் கொடுத்தேன்.”

“நல்லாருக்கு” என்றார் அந்தோனிப்பிள்ளை, தட்டை மடியில் வைத்துக்கொண்டு.

“இந்த வீட்டுல பொட்டு வாங்காதது ஏதாவது இருக்காக்கா?” என்று கேட்டாள் விஜிதா.

பிரேமலா வாய்விட்டுச் சிரித்தாள். “அவர் ஒருத்தர்தான். எனக்கு எல்லாத்துக்கும் வைக்கணும். நமக்காக ஓடுது, உழைக்குது, அதுக்கும் ஒரு நாள் வேணும்ல? தலையில ஒண்ணு, இடுப்புல ஒண்ணு, கால்ல ஒண்ணு. எதுக்கும் குறை வைக்க மாட்டேன்.”

“துப்பாக்கிக்கும் மூணா?”

“பின்ன? அதுக்கு மட்டும் ஓரவஞ்சனையா? கட்டையில ஒண்ணு, நடுவுல ஒண்ணு, வாயில ஒண்ணு. வாயில கொஞ்சம் பெரிசாவே அப்பினேன். வாய்தானே வேலை செய்யுது.”

அந்தோனிப்பிள்ளை சுண்டலை மெல்வதை நிறுத்தினார்.

“அவர்கிட்ட எத்தனை துப்பாக்கி இருக்கு?”

“ஒண்ணுதாங்க. அந்த லேசானது.”

“நீங்க பொட்டு வெச்சது…”

“ஆயுத பூசை அன்னிக்குத்தான். புதன்கிழமை. இருங்க, படமே இருக்கு. குடும்பக் குரூப்புல போட்டேன், என் நாத்தனார் பார்த்துட்டு ஒரு வாரம் பேசல.”

கைபேசியை நீட்டினாள். சிவப்புப் பட்டு விரிப்பின் மேல் மெல்லிய குழாய்த் துப்பாக்கி படுத்திருந்தது. சுற்றிலும் பொரி, வாழைப்பழம், ஊதுவத்தி. குழாயின் முனையில் திருகாணி போல மரை வெறுமனே தெரிந்தது. அதன் அடியில், தோளில், கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம். நடுவில் குங்குமம். பக்கத்தில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி திறந்திருந்தது. உள்ளே விரல் நீளத்தில் பிரேக். தொட்டிலில் கிடக்கும் பிள்ளைபோல, நெற்றியில் தனியாக ஒரு குட்டிப் பொட்டுடன்.

படத்தின் அடியில் தேதி இருந்தது. புதன், காலை 11.20.

வெள்ளிக்கிழமைவரை யோங் பெங்கில் இருந்ததாகச் சுகுமாறன் போலீஸில் எழுதிக் கொடுத்த துப்பாக்கி, புதன்கிழமை பண்டார் தெங்காராவில் வாழைப்பழத்துக்கு நடுவில் பூசை வாங்கிக்கொண்டிருந்தது.

“இதை எனக்கு அனுப்புவீங்களாக்கா?”

“அழகா இருக்குல்ல?”

“ரொம்ப.”

படம் வந்து விழுந்த சத்தம் கேட்டது. விஜிதா அதை அப்படியே மணியத்தின் வக்கீலுக்கு அனுப்பினாள். அவளுக்குத் தே ஓ சட்டென்று கசந்தது. இந்த அம்மாவிடமிருந்து வாங்குவது சுண்டலை வாங்குவதுபோல் சுலபமாக இருந்தது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

“அந்தக் குட்டிய அப்புறம் எப்போ மாட்டினாங்க?”

“மறுநாளே. விஜயதசமி, புது வேலை தொடங்க நல்ல நாள்னு. நான் குளிச்சுட்டு வந்து பார்க்கிறேன், மேல திருகி வெச்சிருக்கு. வாயில வெச்ச பொட்டு பாதி உள்ள போயிருச்சு. வெள்ளிக்கிழமை வரைக்கும் எந்தப் பொட்டையும் துடைக்கக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருந்தேன். துடைக்கல, அது வரைக்கும் சந்தோஷம்னு விட்டுட்டேன்.”

“யார் திருகினது?”

வாசலில் காடி நின்றது. கதவு அடித்துச் சாத்தப்பட்டது. புள்ளிக் கால்சட்டை முதலில் வந்தது, பிறகு சுகுமாறன்.

“இவங்கள யாரு உள்ள விட்டது?”

“நான்தாங்க. வேலு விஷயமா—”

“நீ சும்மா இரு. எழுந்திருங்க ரெண்டு பேரும். யோவ், தட்டைக் கீழ வை.”

“சுண்டல் தீரட்டும் சார்” என்றார் அந்தோனிப்பிள்ளை. “தட்டைக் காலியா கொடுத்தாத்தான் மரியாதை.”

விஜிதா எழுந்திருக்கவில்லை. கைபேசியைத் திருப்பிக் காட்டினாள். சுகுமாறன் படத்தைப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வை ஓர் ஆளை அறைந்துவிடும்போல் இருந்தது.

“இது போன வருஷப் படம்.”

“போன வருஷம் இந்தப் பிரேக்கே வரலீங்களே” என்றாள் பிரேமலா.

“உன்னை யாரும் கேக்கல!”

“மணியம் வாங்கி வைக்கல” என்றாள் விஜிதா. “திங்கக்கிழமையே திருப்பிக் கொடுத்துட்டார். புதன்கிழமை அது இந்த வீட்டுல இருந்துச்சு. வியாழக்கிழமை இந்த வீட்டுலயே, காஞ்ச சந்தனத்து மேலயே பிரேக்கைத் திருகியிருக்கு. வேலை தெரிஞ்சவன் முதல்ல தோளைத் துடைப்பான். அது கைக்குழந்தைக்கு வாய் துடைக்கிற மாதிரி. அதுகூடத் தெரியாத கை திருகியிருக்கு. அந்தப் படம் இப்போ என் போன்ல இருக்கு, மணியத்தோட வக்கீல் போன்லயும் இருக்கு.”

“ரெண்டு கோடும் நீலமாயிருச்சு பாஸ். பார்த்துட்டாங்க.”

சுகுமாறன் உடம்பு பிடித்துவிடும் நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தரையில் ஊர்ந்த துப்புரவு இயந்திரத்தையே பார்த்தார். பிறகு, ஆச்சரியம், சிரித்தார்.

“சரி. நாள் மாறிப்போச்சு. மனுஷனுக்கு ஆயிரம் வேலை. நாளைக்குக் காலையில நானே போய், மணியத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு சொல்லிடறேன். உங்க ஆளு தப்பிச்சான். போதும்ல? கிளம்புங்க.”

“அப்போ யார் திருகினது?”

“வேலு.”

அவர் அதை ஒரு மூட்டையை இறக்கி வைப்பதுபோல் சொன்னார்.

“எனக்கு ஒரு ஸ்பானரை எந்தப் பக்கம் பிடிக்கறதுன்னு தெரியாதும்மா. வேலுதான். வியாழக்கிழமை காலையில இதே கூடத்துல, போன்ல வீடியோ பார்த்துப் பார்த்துத் திருகினான். வேணாம்டான்னு நானே சொன்னேன். கேட்டானா? முந்திரிக்கொட்டை. இப்போ அவன் திருகினது அவன் கண்ணுக்கே வந்துச்சு. நான் என்ன பண்றது? அவன் மேல நான் புகார் கொடுக்கப் போறதில்ல. வேலையும் தர்றேன். ஒத்தைக் கண்ணோட கேட்டுல உக்காந்து திறந்து மூடட்டும். இதுக்கு மேல ஒரு முதலாளி என்ன செய்வான்?”

“வேலுகிட்ட கேட்டா?”

“கேளுங்க. நான் சொன்னதைத்தான் சொல்லுவான். அவன் ஆஸ்பத்திரிச் செலவு யாரு பார்க்கறது?”

அந்தோனிப்பிள்ளை காலித் தட்டை மேசையில் வைத்தார். அவர் வாயில் இந்த முறை ஒரு நக்கலும் வரவில்லை.

“பாஸ்?”

விஜிதாவை அமர்த்திய ஆள் தப்பித்துவிட்டார். கணக்குப்படி அவள் எழுந்து போகலாம். யோங் பெங்கில் சந்திரமதி இடுப்பிலிருந்து பேனாவை எடுத்துத் தூர எறியலாம். ஆனால் ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட ஒரு முகம், செய்யாத வேலையைச் செய்தேன் என்று தலையாட்டிவிட்டு, இந்த வீட்டுக் கேட்டுக்கு வந்து உட்காரும். அதை மறுக்க அவள் கையில் ஒரு படமும் இல்லை.

“கிளம்புங்கன்னு சொன்னேனே” என்றார் சுகுமாறன், கால்மேல் கால் போட்டுக்கொண்டு. “பிரேமா, இவங்களுக்குக் கதவைத் திறந்து விடு.”

பிரேமலா நகரவில்லை. காலித் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கணவரைப் பார்த்தபடியே நின்றாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. வீட்டில் வைத்த ஒரு பொருள் வைத்த இடத்தில் இல்லாதபோது தேடுகிற முகம்தான் இருந்தது.

“ஏங்க, புதன்கிழமை காலையில சுண்டல் டப்பாவோட வேலுவை நீங்கதானே பஸ் ஏத்திவிட்டுட்டு வந்தீங்க, வெள்ளிக்கிழமை சாயந்தரம்தானே அவன் ஊர்லேர்ந்து திரும்பி வந்தான்… வியாழக்கிழமை இந்த வீட்டுல நீங்களும் நானும் மட்டும்தானேங்க இருந்தோம்?”